முன்பணம் கட்டும் முன்: பிஇ சீட்டா, ஐடிஐயா?

வாசகி கேட்டது:

"ஐயா, நான் கண்டனூரில் மாவுக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். மகன் இந்த வருடம் பிளஸ் டூவில் 412 மார்க் எடுத்திருக்கிறான். கணக்கில் 58, இயற்பியலில் 64, வேதியியலில் 70. எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர் வீட்டுக்கே வந்தார். மேனேஜ்மெண்ட் சீட்டில் எலக்ட்ரானிக்ஸ் (இசிஇ) வாங்கித் தருகிறேன், வருடத்துக்கு 1,30,000 ரூபாய், 25,000 முன்பணம் இந்த வாரமே கட்டுங்கள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பிறகு பணம் திரும்பி வரும் என்கிறார். மகனோ ஏசி, ஃப்ரிட்ஜ் வேலைக்கு ஐடிஐ போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். போன மாதம் கடை ஃப்ரிட்ஜ் நின்றபோது மெக்கானிக் 'கம்ப்ரஸர் போச்சு, 6,500 ஆகும்' என்றார். இவன் ஏதோ ரிலேயைக் கழற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு, காரைக்குடியில் 180 ரூபாய்க்குப் புதிது வாங்கி வந்து மாட்டினான். ஓடுகிறது. ஆனால் அவன் பெரியப்பா, 'ஸ்பேனர் பிடிக்கவா பிளஸ் டூ வரை படிக்க வைத்தாய்? நம் வீட்டில் ஒருத்தனாவது பட்டம் வாங்க வேண்டாமா?' என்கிறார். அப்பத்தா, டிகிரி இல்லாதவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அழுகிறார். வீட்டுக்காரர் போனில் 'அவன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நான் என்ன செய்யட்டும்?"

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த 25,000 ரூபாய். அதைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வந்தவர் சொன்ன 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கானது. தம்பிக்கு ஆறு, ஏழு, எட்டு மூன்றும் மெட்ரிக்கில் போய்விட்டன (கட்டாயக் கல்விச் சட்டப்படி, அதாவது ஆர்டிஇ இலவச இடத்தில், அங்கே படித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு). அவனுக்குத் தகுதி இருந்திருந்தாலும், அது கவுன்சிலிங்கில் வாங்கும் சீட்டுக்குத்தான் பொருந்தும், மேனேஜ்மெண்ட் சீட்டுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இதே பள்ளிக் கணக்கால் கிடைக்காது. உங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பதால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கலாம், ஆனால் அதற்கும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்த மனிதர் காட்டும் கதவுக்குள் நுழைந்தால், அரசு தரும் ஒரு சலுகையும் உங்கள் பின்னால் வராது.

நாலு வருடத்துக்கு 5,20,000 ரூபாய் ஆகிறது. பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் தனி. கல்விக் கடன் 4 லட்சம் வரை பிணையில்லாமல் கிடைக்கும் என்று சொல்லியிருப்பார். கிடைக்கும்தான், ஆனால் தவணை கட்டாத அந்தப் படிப்புக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். வட்டி எப்படி ஏறும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தச் சூடு உண்டு. என் தங்கை மகன். பெயிண்டிங்கிலும் மரவேலையிலும் கை நல்லா ஓடும் பையன். 'மாமா ஐடிஐயில் வாத்தியாரா இருந்துகிட்டு மருமகனையும் அங்கேயே சேர்த்துட்டார்' என்று சொந்தக்காரர்கள் பேசிவிடுவார்களே என்று பயந்து, நானே அவனை ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் 11 அரியர். நிற்கிறேன் என்றான். மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்தாவது, பிளஸ் டூ அசல் சான்றிதழைத் தருவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று, இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇயின் விதியே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதி, நடையாய் நடந்து, ஏழு மாதம் கழித்து வாங்கினோம். அந்த ஏழு மாதமும் பையன் எங்கேயும் சேர முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அதனால்தான் சொல்கிறேன், எங்கே சேர்த்தாலும் சரிபார்த்த பிறகு அசலைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மார்க். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவது. கணக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. தம்பிக்கு 58, 32, 35, ஆக 125 வருகிறது. 125-க்குக் கவுன்சிலிங்கிலேயே ஏதாவது ஒரு கல்லூரி கிடைத்துவிடும். அதையே 1,30,000 கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. அந்தக் கல்லூரியின் பெயரை அதில் தேடிப் பாருங்கள். பட்டியலின் அடியில் இருந்தால் வந்தவருக்கு இருக்கும் அவசரத்தின் காரணம் புரிந்துவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த 58. முதல் வருடமே கால்குலஸ், மேட்ரிக்ஸ் என்று கணக்கு வந்துவிடும். இசிஇயில் அது கடைசி வரை விடாது. கணக்கு வராத பையன் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. கணக்கை வைத்தே வாழும் பாடத்தை அவனாகக் கேட்காதபோது நாம் ஏன் அவன் தலையில் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். கடிதத்தில் அந்த இரண்டு வரியை மூன்று தடவை படித்தேன்.

ஃப்ரிட்ஜ் 'உம்' என்று முனகிவிட்டு 'டிக்'கென்று நின்றால், கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லுவது சுலபம். கம்ப்ரஸரைக் கிளப்பிவிட ஒரு சின்ன ரிலே பக்கவாட்டில் இருக்கும். உள்ளே பீங்கான் போல ஒரு வில்லை. அது உடைந்தாலும் இதே முனகல், இதே டிக்தான் வரும். ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும், கிலுகிலுப்பை மாதிரி. உங்கள் பையன் அதைத்தான் கேட்டிருக்கிறான். யூடியூபில் பார்த்திருப்பான், இருக்கட்டும். பெரியவர் ஒருவர் சொன்ன தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், 6,500 ரூபாய்ச் சாமானைத் தொடும் முன் 180 ரூபாய்ச் சாமானைச் சோதித்திருக்கிறான் பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்தது. பழுது பார்க்கும் தொழிலில் பாதி அந்த வரிசை. ஐடிஐயில் ஒரு வருடம் கத்தினாலும் சில பையன்களுக்கு அது வராது. (ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைத்தானா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் என் சார்பில் ஒரு குட்டு.)

அப்படியானால் நேரே ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே, ஐடிஐ எதற்கு என்று பெரியப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். நம் செட்டிநாட்டுக்கு அந்த வழி புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில் சின்னப் பையன்களைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றினார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகி, அடுத்தாள் ஆகி, கெட்டிக்காரனாக இருந்தால் மேலாள் ஆகிவிடலாம். பள்ளிக்கூடம், பட்டம் எதுவும் கிடையாது, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் கணக்குதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மேலாள் ஆகித் தனிக்கடை வைத்தவர்களில் பலருக்குப் பின்னால் முதல் போட ஒரு மாமனோ சித்தப்பாவோ இருந்தார். உங்கள் பையனுக்கு முதல் போட யார் இருக்கிறார்கள்? முதல் இல்லாதவனுக்குச் சான்றிதழ்தான் முதல். அதே செட்டிநாட்டில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், தானே எம்ஏவும் பாரிஸ்டரும் படித்தவர், 1947-ல் கலைக் கல்லூரி ஆரம்பித்ததோடு நிற்கவில்லை. இன்ஜினீயரிங் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் வந்தன. காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்றைக்கு அந்த ஆய்வகத்தில் விஞ்ஞானி வேலைக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்கிறார்கள், டெக்னீஷியன் வேலைக்குப் பத்தாவதும் ஐடிஐயும் கேட்கிறார்கள். பத்து வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தேன் என்று மட்டும் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலை, இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாள் கைகொடுக்கும்.

இன்னொரு காரணம், காஸ். பழைய மெக்கானிக் பலர் ஆர்-22 காஸில் தொழில் பழகியவர்கள். அது ஓசோனைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி கொஞ்சம் கொஞ்சமாக விலக்கப்படுகிறது, இந்தியாவில் 2030-க்குள். இப்போது புது ஏசியில் பெரும்பாலும் ஆர்-32, வீட்டு ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ. ஆர்-600ஏ என்பது ஐசோ பியூட்டேன், நம் சமையல் காஸின் சொந்தக்காரன். கசிவு இருக்கும் இடத்தில் தெரியாத்தனமாக பிரேஸிங் டார்ச்சைக் கொண்டுபோனால் முகம் கருகும். ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொள்ளும் பையன், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்காமல், வாக்குவம் பம்ப் போடாமல், சும்மா காஸைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்வான். ஐடிஐயில் இதை முறையாகச் செய்யவைப்பார்கள், நல்ல பயிற்றுநர் அமைந்தால். அமையாத இடங்களும் உண்டு, நான் மறைக்கவில்லை.

ஐடிஐ என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஏசி, ஃப்ரிட்ஜ் பிரிவு இரண்டு வருடம், பத்தாவது பாஸ் போதும். அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. மே, ஜூன் வாக்கில் இணையத்தில் விண்ணப்பம் வரும். இந்தப் பிரிவு எல்லா ஐடிஐயிலும் இருக்காது, பட்டியலைப் பார்த்துத்தான் விருப்பம் குறிக்க வேண்டும். முடித்தால் தேசியத் தொழிற்சான்று. பிறகு ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸ். 2019-ல் திருத்திய விதியில் அப்ரெண்டிஸ் காலக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் ஐடிஐக்காரருக்கு 7,000, டிப்ளமாவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 என்று வைத்தார்கள். பாருங்கள், வாசலில் வித்தியாசம் ஆயிரம் ஆயிரம் ரூபாய்தான்.

வித்தியாசம் பின்னால் வருகிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் தரகருக்குத் தம்பியாகிவிடுவேன். பெரிய கம்பெனியில் ஐடிஐக்காரர் மேலே போகப் போக ஓரிடத்தில் தலை முட்டும். சூப்பர்வைசருக்கு மேல் டிப்ளமாவோ பிஇயோ கேட்பார்கள். இருபத்தைந்து வயதில் நேற்றுச் சேர்ந்த பிஇ பையன், நாற்பது வயது ஃபிட்டருக்கு அதிகாரியாக வந்து நிற்பான். நானே ஃபிட்டராக அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், வலிக்கும். ஏசி வேலையில் முதுகு போகும். நாலாவது மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட் மாட்ட வேண்டியிருக்கும். மாசியில் தொடங்கி ஆனி வரை சாப்பிட நேரமிருக்காது, ஐப்பசி கார்த்திகையில் போன் அடிக்காது. ஃப்ரீசர், ஐஸ்கிரீம் கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று வருடக் கான்டிராக்ட் பிடிப்பவன்தான் மழைக்காலத்தைத் தாண்டுவான்.

தொழில் தெரிந்த கை எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் பழைய மாணவர் ஒருவர்தான் ஏசி மாட்டினார். சும்மா வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டார். அந்தச் சுவர் தெரியுமல்லவா, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி மின்னும். காப்பர் பைப் வெளியே போக அதில் ஒரு ஓட்டை போட வேண்டும். புது வீட்டில் பத்து நிமிஷ வேலை. இங்கே சுத்தியல் டிரில்லை வைத்தால் பூச்சு அப்பளமாகப் பெயர்ந்து விழும், அதை ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பது அபூர்வம். அவர் முதலில் விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். பொக்காக ஒலிக்கும் இடத்தை விட்டு, கெட்டியாக ஒலிக்கும் இடத்தில் டேப் ஒட்டினார். சுத்தியலை அணைத்துவிட்டு மெல்லிய பிட்டால் ஊடுருவி ஒரு வழித்துளை. அப்புறம் கோர் பிட்டால் உள்ளேயிருந்து பாதி, வெளியே சாரத்தில் ஏறி அங்கிருந்து பாதி. இரண்டு முகமும் சில்லு தெறிக்கவில்லை. தண்ணீர் வெளியே வடிய ஒரு விரற்கடை சரிவு. ஒரு ஓட்டைக்கு அரை நாள். வீட்டுக்கார ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மற்ற ஒன்பது அறைக்கும் இவரே போடட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். என் மாணவரிடம் யாரும் டிகிரி கேட்கவில்லை. ஆனால் அவரே என்னிடம் கேட்டது வேறு: 'சார், ஹோட்டல்காரங்க ஜிஎஸ்டி பில், கொட்டேஷன் எல்லாம் இங்கிலீஷ்ல மெயில் அனுப்பச் சொல்றாங்க. அதுக்கு ஏதாச்சும் படிக்கலாமா?'

இதைத்தான் உங்கள் வீட்டுச் சண்டைக்கு விடையாக நினைக்கிறேன். ஐடிஐயா டிகிரியா என்று ஒன்றை வெட்டி ஒன்றை எடுக்க வேண்டியதில்லை, எது முதலில் என்பதுதான் கேள்வி. உங்கள் பையன் விஷயத்தில் ஐடிஐ முதலில்.

அவன் பிளஸ் டூ முடித்திருப்பது இங்கே கைகொடுக்கிறது. பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை அவனிடம் முறையாக இருக்கிறது. அதனால் ஐடிஐ படிக்கும்போதோ அப்ரெண்டிஸாக இருக்கும்போதோ தொலைநிலைக் கல்வியில் ஒரு பிகாமோ பிபிஏவோ எழுதினால் அது அரசு வேலைக்கும் செல்லும் பட்டம். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, மதுரை போகவும் வேண்டாம். சேரும் வருடத்தில் அந்தப் பாடத்துக்கு யூஜிசி அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தபாலில் பிஇ தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒன்று செல்லாது. ஆனால் இந்த டிகிரியை முதல் வருடமே தொடங்க வேண்டாம். முதல் வருடம் கை பழகட்டும். பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பட்டம் வரும், நாலு ஐந்து வருடம் கழித்து, கடனில்லாமல் வரும்.

பின்னால் இன்ஜினீயர் ஆக வேண்டும் என்று அவனுக்கே தோன்றினாலும் வழி அடைபடவில்லை. ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தவன் பிஇ இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்த நேரடி இரண்டாம் ஆண்டுக் கவுன்சிலிங்கைப் பல வருடம் நம் காரைக்குடி அழகப்பர் அரசு இன்ஜினீயரிங் கல்லூரியில்தான் நடத்தியிருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். நானும் ஐடிஐ, வேலை, கிண்டியில் பயிற்றுநர் பயிற்சி, பிறகு டிப்ளமா என்று ஏறி வந்தவன்தான். மெதுவான வழி, நடுவில் சலிப்பு வரும். ஆனால் ஒவ்வொரு படியிலும் சம்பளம் இருந்தது.

பிளஸ் டூவை வைத்து இப்போதே பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சேர்க்கலாம், தகுதி இருக்கிறது. 'எனக்கு மெஷின் பிடிக்கும்' என்று பொதுவாகச் சொல்லும் பையனாக இருந்தால் நானே அங்கே அனுப்புவேன், இரண்டே வருடத்தில் டிப்ளமா. இவன் ஃப்ரிட்ஜ் என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். பெயர் சொல்லிக் கேட்கும் பிள்ளைகள் குறைவு. கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் என்றால், ஆசிரியர் வேலையோ குரூப் 2 பரீட்சையோ மனதில் இருந்தால் நல்ல வழி. தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை.

இடையில், பத்தாவது மட்டும் முடித்த பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்களுக்குக் கணக்கு வேறு. பத்தாவதோடு இரண்டு வருட ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கில மொழித் தேர்வையும் எழுதிவிட்டால் பிளஸ் டூவுக்கு இணை. அதைச் செய்யாமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. இதில் ஏமாந்து நாற்பது வயதில் என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'ஆறு மாதத்தில் டிப்ளமா இன் ஏசி மெக்கானிக்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அது பாலிடெக்னிக் டிப்ளமா அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று. தனியார் ஐடிஐ என்றால் அந்தப் பிரிவுக்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்று பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்காது. இப்படி நடந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் 'அவன் இஷ்டம்' என்று வைத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் வேறு மாதிரி கேளுங்கள். வொர்க் பெர்மிட்டுக்கும், அதற்கு மேல்படியான எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஒன்பது வருடமாகக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாத பெர்மிட்டில் இருப்பவர் போனை வைக்காமல் அரை மணி நேரம் பேசுவார். எஸ் பாஸுக்குச் சம்பள வரம்போடு படிப்பும் பார்க்கிறார்கள், அங்கே முறையான தொழிற்சான்றுக்கு மதிப்பு உண்டு. பையன் அவரைப் போல வெறும் ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால் என்ன கையில் வேண்டும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்பத்தாவின் கவலையை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். பெண் பார்க்கும்போது டிகிரி கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு இன்னும் எட்டுப் பத்து வருடம் இருக்கிறது. அதற்குள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.காம். போட்டுக்கொள்ளலாம். அரியரோடு நிற்கும் பிஇயைப் போட முடியாது.

ஒரு நிபந்தனை. விண்ணப்பம் போடும் முன் ஒரு மாதம் தம்பியைத் தெரிந்த ஏசி மெக்கானிக் யாரிடமாவது உதவியாளாக அனுப்புங்கள். அந்த 6,500 ரூபாய்க்காரரிடம் வேண்டாம். சம்பளம் கேட்க வேண்டாம், மதியச் சாப்பாடு போதும். இது கத்திரி வெயில், மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் கழுவும் காலம். ஃபிட்டர் பிரிவில் புதுப் பையன்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை ஒரு இரும்புக் கட்டியை அரத்தால் ராவிச் சமமாக்குவது. மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்பளிக்கும். அழகாகப் பேசிய பலர் அந்த வாரம் காணாமல் போவார்கள். கொப்பளத்தில் துணி சுற்றிக்கொண்டு நாலாம் நாள் வந்து நிற்பவன்தான் தங்குவான். தம்பிக்கு அந்த மொட்டை மாடி அப்படி இருக்கட்டும். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, வெயிலில் தலை சுற்றுகிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு இருக்கிறது. இன்ஜினீயரிங்தான் என்று அவனே மனம் மாறவும் கூடும், அதற்காகக் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்து வையுங்கள். பதிவுக் கட்டணத்தோடு போகும், 25,000 அல்ல.

அந்த மாதத்துக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் இ-சேவையில் போட்டு வாங்கிவிடுங்கள். ஜூனில் போனால் வரிசை தெருவரை நிற்கும். பிளஸ் டூ அசல் மார்க் சீட் வந்ததும் பத்துப் பிரதி எடுத்துவிட்டு, அசலை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரகர் மறுபடியும் வருவார். முன்பணத்துக்குக் கல்லூரி பெயரில் ரசீதும், சேராவிட்டால் திருப்பித் தருவோம் என்று எழுத்திலும் கேளுங்கள். கேட்ட பிறகு அவர் காபி குடிக்கவும் உட்கார மாட்டார்.